மணலில் நிற்பவர்கள்

பந்து இன்னும் கீழே விழவில்லை. ஆகவே யோகராசா தலையை நிமிர்த்தப் போவதில்லை. என் சைக்கிளின் பின் ரயர் சப்பையாகிக் கிடக்கிறது, கந்தோர் வேலைக்கு நேரமாகிறது, எனக்கு முன்னால் வேறு ஆட்கள் நிற்கிறார்கள். மனுசனோ பழைய ரியூப் குவியலுக்கு நடுவே மரப்பெட்டியில் குந்திக்கொண்டு, உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு விளையாட்டுப் பெட்டியை இரண்டு பெருவிரல்களாலும் குத்திக்கொண்டிருக்கிறார். "பொறுங்க சேர், செற் முடியட்டும்." அவ்வளவுதான் நமக்குக் கிடைக்கும் மரியாதை.

நாவற்குடாவில் வேறு சைக்கிள் கடையே இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. நானும் இரண்டு தரம் கோபித்துக்கொண்டு அங்கே போய்ப் பார்த்தேன். அவர்கள் போட்ட ஒட்டு கல்லடிப் பாலம் தாண்டுமுன் பெயர்ந்துவிட்டது. வெட்கத்தை விட்டு இங்கேயே திரும்பி வந்தேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை, அதற்கும் "பொறுங்க சேர்" தான்.

அந்தப் பெட்டி, டோஹாவிலிருந்து வந்த காத்தான்குடி மஜீட் கொடுத்தது. மஜீட்டின் பிள்ளைகள் அதை விளையாடிச் சலித்து எறிந்துவிட்டார்களாம். ஒரு காலத்தில் கரப்பந்து ஆடிய ஆள் என்பதால் இவரிடம் வந்து சேர்ந்தது. திரையெல்லாம் கீறல். பற்றரி மூடி எங்கோ தொலைந்துபோக, ரியூபில் வட்டமாய் அறுத்த றபர்ப் பட்டியைப் போட்டு இறுக்கி வைத்திருக்கிறார். அதற்குள் இருப்பது ஒரே ஒரு விளையாட்டு: கடற்கரை, வலை, பக்கத்துக்கு இரண்டு பேர். தன் பக்கத்து ஜோடிக்காரனுக்கு 'வெள்ளத்தொப்பி' என்று பெயர் வைத்திருக்கிறார். அவன் பந்தை விட்டால் திட்டு விழும். "எங்க மனே பாத்துக்கொண்டு நிக்காய்? ஆகாயத்தில என்ன கிடக்கு?" நல்ல அடி அடித்தால் புகழ மாட்டார், மூக்கால் ஒரு சத்தம் வரும்.

ஆட்டத்தை இடையில் நிறுத்தி வைக்க அதில் ஒரு பொத்தான் உண்டு. என் மருமகனிடமும் அப்படியொரு பெட்டி இருந்ததால் எனக்குத் தெரியும். ஒருநாள் பொறுமை கெட்டு, அதை அமத்திவிட்டு என் ரயரைப் பாருமேன் என்று விரலை நீட்டிக் காட்டினேன். பெட்டியை வெடுக்கென்று இழுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டார். நான் ஏதோ களவெடுக்கப் போனவன் போல!

காரணம் பிறகொரு நாள்தான் தெரிந்தது. உள்ளே மனைவி இராசாத்தி ஏதோ அவசரமாய்க் கூப்பிட்டாள். ஆட்டம் வெல்லும் நிலையில் இருந்தது. மனுசன் பெட்டியையே அணைத்துவிட்டு எழுந்து போனார். எடுத்த புள்ளியெல்லாம் போயிற்று. திரும்பி வந்ததும், நிறுத்தி வைத்திருக்கலாமே என்றேன். அவர் பெட்டியை மறுபடி போட்டு, ஆட்டத்தைத் தொடங்கி, அந்தப் பொத்தானை அமத்தி என் முகத்துக்கு நேரே பிடித்தார். நாலு பேரும் மணலில் அசையாமல் நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால் கடல் மட்டும் வந்து வந்து போய்க்கொண்டிருந்தது.

"பாருங்க. நிப்பாட்டினா அவனுகள் நிண்டுக்கொண்டே இருப்பானுகள். அணைச்சா வீட்ட போயிருவானுகள்."

அன்றைக்குத்தான், என் சக்கரத்தைக் கழற்றிக்கொண்டு, முகத்தைத் தராமலே மற்றதையும் சொன்னார்.

நாவலடிக் கரையில் அந்தக் காலத்தில் ஒரு வழக்கம். வலை கட்டிய இடத்தை யாராவது காலியாக விட்டால் அடுத்த ஊர்க் கழகம் இறங்கிவிடும். பிறகு உச்சி வெயில் வரை வெளியே நின்று வாய் பார்க்க வேண்டியதுதான். அதனால் பந்து வரப் பிந்தினாலும் மூலைக்கு ஒருவராய்ப் போய்க் குந்தி இடம் பிடித்துக்கொள்வார்கள். பௌர்ணமிப் போயா விடுமுறையும் ஞாயிறும் ஒன்றாய் வந்த அந்த மார்கழிக் காலையில் யோகராசாவின் ஆட்கள் நாலு பேர் அப்படித்தான் குந்தினார்கள். பந்தில் காற்றுப் போதவில்லை. பம்பைக் கொண்டு போன யோகராசா, பந்துக்கு ஏற்றும் ஊசியைக் கடையில் மறந்துவிட்டார். சைக்கிள் கடைக்காரன் மறக்கக்கூடிய சாமானா அது? பந்தைத் தூக்கிக்கொண்டு கடைக்குத் திரும்பும்போது, கழகத் தலைவர் அல்லவா, கட்டளை போட்டுவிட்டுப் போனார்: "நான் வருமட்டும் ஒருத்தரும் எழும்பப்படா."

கடையில் ஊசியைத் தேடி எடுத்துக் காற்றேற்றிக்கொண்டிருக்கும்போது, கடல் வருகுது என்று கத்திக்கொண்டு சனம் றோட்டால் ஓடி வந்தது. நாலு பேரில் ஒருவரும் வரவில்லை.

எனக்குத் தெரிந்த நியாயமெல்லாம் சொன்னேன். அங்கே கடல் கூரைக்கு மேலால் போனது, வீட்டுக்குள் இருந்த சனமும் போனது, ஓடிய சனமும் போனது, உம்முடைய ஒரு வார்த்தையாலா எல்லாம் நடந்தது என்று கேட்டேன். சக்கரத்தைச் சுழற்றிவிட்டு அது நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஓடினவங்களுக்குள்ள தப்பினவனும் இருக்கான் சேர். எண்ட ஆக்கள் ஓடினானுகளா, நான் சொன்னதுக்காக இருந்தானுகளா? அதத்தான் ஒருத்தரும் சொல்றாங்க இல்ல."

சக்கரத்தைப் பூட்டித் தந்தார். காசைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

கடல் வந்து சில வருடங்களில் யுத்தம் முடிந்தது. காவலரண்கள் ஒவ்வொன்றாய்க் குறைந்தன. கரைக்கு ஐஸ்கிறீம் வண்டி வந்தது, தூர ஊர்களிலிருந்து பஸ் பஸ்ஸாய்ச் சனம் வந்தது, பொடியன்மார் மறுபடி வலை கட்டினார்கள். யோகராசா மட்டும் கிழக்கே கரைக்குப் போகும் ஒழுங்கைக்குள் காலே வைப்பதில்லை. கரையில் சைக்கிள் காற்றுப்போய் நிற்கிறது என்று யாராவது கூப்பிட்டால், உருட்டிக்கொண்டு வாங்க என்பார்.

போன வருடம் தனுஷியா அவரைத் தேடி வந்தாள். அந்த நாலு பேரில் ஒருவனான நிலோஜனின் தங்கை, பாலர் பாடசாலையில் படிப்பிக்கிறாள். நாலு பேரின் நினைவாகவும் கரையில் ஒரு போட்டி வைக்கிறார்களாம், முதல் பந்தை யோகராசா அண்ணன்தான் அடிக்க வேண்டுமாம். அவளும் செற் முடியும்வரை நின்றாள். அவர் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு அவள் சொன்னதைக் கேட்டார். வாறன் என்றும் சொல்லவில்லை, மாட்டன் என்றும் சொல்லவில்லை. அந்தப் பிள்ளையின் முகத்துக்கு முன்னால் என்னவென்று மாட்டன் என்பது? அவள் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாள். போகும்போது, பாவம், மரியாதைக்காகத்தான் சொன்னாள்.

"நீங்க வராம ஒருத்தரும் பந்தத் தொட மாட்டாங்க அண்ணே. எவ்வளவு நேரமானாலும் பாத்துக்கொண்டு நிப்பம்."

பக்கத்தில் நின்ற நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அவளுடைய ஸ்கூட்டி திரும்பிவிட்டது.

போட்டியன்று காலை நானும் கரையில் நின்றேன். புதுச் சட்டைகளோடு இரண்டு கழகமும் மணலில் வரிசையாய் நின்றன. பேச்செல்லாம் முடிந்துவிட்டது, வெயில் ஏறியது, யோகராசாவைக் காணோம். தொடங்குவோம் என்று பெரியவர்கள் சொல்லியும் தனுஷியா விடவில்லை. கடைசியில் என்னை அனுப்பினார்கள். வாய்க்கு வந்தபடி ஏசிக்கொண்டு சைக்கிளை மிதித்தேன்.

கடைக்கதவு பாதி திறந்திருந்தது. மனுசன் வெளிக்கிட்டுத்தான் இருந்தார். தோய்த்து மடித்த வெள்ளைச் சட்டை, வாரிய தலை, காலில் செருப்பு. மரப்பெட்டியில் குந்தியபடி இருந்தார். கையில் ஒன்றுமில்லை. ஏசுவதற்கென்று சேர்த்துக்கொண்டு வந்ததெல்லாம் எனக்கு மறந்துபோனது. உமக்காக எல்லாரும் நிற்கிறார்கள் என்று மட்டும் சொன்னேன்.

"மணல்லயா நிக்காங்க?"

"ஓம்."

"இன்னும் தொடங்கல்லயா?"

நீர் வராமல் தனுஷியா தொடங்க மாட்டாளாம் என்றேன். எழுந்து வந்தார். என் போனைக் கேட்டார். தனுஷியாவின் இலக்கத்தை அழுத்திக் கொடுத்தேன்.

"புள்ள, என்னப் பாத்துக்கொண்டு நிக்க வேணாம். தொடங்குங்க. நான் வராட்டியும் தொடங்குங்க. இல்லாட்டி எல்லாரையும் வீட்ட போகச் சொல்லு. சும்மா நிக்க வேணாம், புள்ள. ஒருத்தரும் நிக்க வேணாம்."

போனுக்குள்ளால் கரைக் காற்று இரையும் சத்தம் எனக்கும் கேட்டது. பிறகு அவள் மெதுவாய், "சரி அண்ணே" என்றாள். அப்புறம் யாரையோ கூப்பிட்டாள். அழுதுகொண்டு கூப்பிட்டது போலிருந்தது.

போனை வாங்கக் கையை நீட்டினேன். அவர் தரவில்லை, காதோடு வைத்துக்கொண்டே நின்றார்.

கொஞ்ச நேரத்தில் ஆட்டம் தொடங்கும் விசில் போனுக்குள் கேட்டது. அவர் மற்றக் காதை உள்ளங்கையால் இறுகப் பொத்திக்கொண்டு, கண்ணை மூடி, கழற்றிப் போட்ட சக்கரங்களுக்கு நடுவே அப்படியே நிலத்தில் குந்தினார்.