கன்னடத்தில் வாங்கிய குத்து

நேற்று மலையேற்றம், இன்று சைக்கிள். அஞ்செட்டி மலைப்பாதையில் இறங்கிக்கொண்டிருந்தபோது ஒரு கர்நாடகா நம்பர் கார் உரசி, என்னைப் புதரில் தள்ளியது.

நம்பரைப் பார்த்துக் கன்னடத்தில் திட்டினேன். டிரைவர் இறங்கிவந்து கன்னடத்திலேயே பதிலுக்குத் திட்டி, வாயில் குத்தினான். நான் சைக்கிள் பம்ப்பால் அவன் முட்டியில் ஓங்கிப் போட்டேன். மறுபடியும் குத்தினான்.

"ஐயோ, பல்லு போச்சே!"

அவன் கை அப்படியே நின்றது. "நீ தமிழா? ஹெல்மெட்டப் பாத்து பெங்களூர்க்காரன்னு நெனச்சேன்."

"ஓசூருண்ணா."

"நான் தேன்கனிக்கோட்டைடா, வண்டி மட்டும்தான் கர்நாடகா! அப்புறம் எதுக்குடா கன்னடத்துல எங்கம்மாவ இழுத்த?"

அதற்கென்று தனியாக ஓர் அறை விட்டான். சுத்தத் தமிழில்.

ஓசூரில் ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்கும் பல் டாக்டர் யாரையாவது தெரியுமா? எந்த மொழி பேசினாலும் சரி, நான் வாயைத் திறந்து காட்ட மட்டும்தான் போகிறேன்.