மரமில்லாத கரையில் மின்னியது

வீராசாமி அண்ணன் தூக்கத்திலேயே போய்விட்டார் என்று படகுக்காரர்களின் வாட்சப் குழுவில் செய்தி வந்தபோது, நான் சுங்கை பெசாரில் மகள் வீட்டில் பசியாறிக்கொண்டிருந்தேன். தட்டை நகர்த்திவிட்டுக் கிளம்பினேன். கம்போங் குவாந்தானில் அவரும் நானும் ஒரே ஆற்றுத் துறையில், மின்மினி பார்க்க வரும் பயணிகளுக்காகச் சம்பான் படகில் துடுப்புப் போட்டவர்கள். அவரோடு போய் மின்மினி பார்த்தவர்களுக்கு அந்தக் கட்டைக் குரல் மறந்திருக்காது.

ஒரு வருடம், "இந்தத் தடவ பூச்சி ஜாஸ்திலா" என்று பூரித்துத் திரிந்தார். வலக்கரையைக் காட்டி, "எப்படி மின்னுது பாருங்க!" என்பார். மின்மினி மொய்க்கும் பெரெம்பாங் மரம் அந்தக் கரையில் ஒன்றுகூடக் கிடையாது. பயணிகள் திருதிருவென்று விழிப்பார்கள். அவர்களுக்கு இருட்டில் கண் பழகவில்லை என்பது அண்ணனின் தீர்ப்பு. ஒரு மத்தியானம் சோற்றின் முன்னால் உட்கார்ந்து, "பூச்சி வீட்டுக்குள்ளயே வந்திருச்சு" என்றார். அண்ணி கரண்டியைப் போட்டுவிட்டு மகனைக் காரை எடுக்கச் சொன்னார்.

வலக்கண்ணின் விழித்திரை நடுப்பகுதி வரைக்கும் கழன்றுவிட்டது என்றார் மருத்துவர். அறுவை செய்து ஒட்டலாம், பழைய பார்வைக்கு உறுதி சொல்ல முடியாது. ஓரத்தில் மின்னியபோதே வந்திருந்தால் கதை வேறு. இடக்கண்ணிலும் சிறு கிழிசல் இருந்தது. அது கழல்வதற்கு முன்னே அகப்பட்டதால் சுற்றிலும் லேசர் போட்டு நிறுத்தினார்கள்.

அறுவையில் கண்ணுக்குள் வாயுக் குமிழி வைத்திருந்தார்கள். அது விழித்திரையை அழுத்திப் பிடிக்க, அவர் பெஞ்சில் முகத்தை விளிம்புக்கு வெளியே தொங்கவிட்டுக் குப்புறவே கிடக்க வேண்டும். தோட்டத்தில் கணக்குப் பார்க்கும் கிராணிக்கே தலை வணங்காத மனிதர்! மைலோ டின்னோடு பார்க்க வந்தவர்களைப் பாதத்தை வைத்தே பேர் சொல்லிக் கூப்பிட்டார். நான் தரையில் மல்லாந்து படுத்து, பெஞ்சுக்கு அடியிலிருந்து என் முகத்தைக் காட்டினேன். "என்னடா, ஆத்துல முங்கிக் கெடக்குற மாதிரி இருக்க!" என்று சிரித்தார். "சிரிக்காதீங்க, டாக்டர் தல ஆடக்கூடாதுன்னாரு" என்று அண்ணி எங்கள் இருவரையும் சேர்த்துத் திட்டினார்.

திரை ஒட்டியது. ஆனாலும் அந்தக் கண்ணுக்கு ஆள் அசைவதுதான் தெரிந்தது, முகம் தெரியவில்லை. இடக்கண்ணை நம்பி மறுபடி துடுப்பெடுத்தார். அதன்பிறகு ஒவ்வொரு சவாரியிலும் ஒரே பிரசங்கம்: "ஒத்தக் கண்ண மூடி மூடிப் பாருங்க. மரமில்லாத எடத்துல மின்னுனா அது பூச்சி இல்ல. அன்னிக்கே ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க." பயணிகள் பயப்படுகிறார்கள் என்று முதலாளி கோபித்துக்கொண்டார். "பயந்தவன் கடைசி வரைக்கும் கண்ணால பாத்துக்கிட்டு இருப்பான்லா" என்றார் அண்ணன்.

தீபாவளிக்கு முந்தின நாள், முறுக்குச் சட்டி அடுப்பில் இருக்கும்போது, என் வலக்கண் ஓரத்தில் மின்னியது. வேறு யாராக இருந்தாலும் பண்டிகை கழியட்டும் என்பார்கள். எனக்கு அந்தக் கட்டைக் குரல்தான் கேட்டது. அடுப்பை அணைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். கிழிசல் மட்டும்தான், லேசரோடு முடிந்தது.

சேதி கேட்டு வந்த அண்ணன், தன் உள்ளங்கையால் என் இடக்கண்ணைப் பொத்தினார். "நான் தெரியறனா?"

"தெரியறீங்கண்ணே."

"அப்ப என் கண்ணு சும்மா போகல" என்றார்.

அவர் எனக்கு விட்டுப்போனது இந்த வலக்கண். வாய்க்கரிசி போட என் முறை வந்தபோது, இடக்கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு அவர் முகத்தைப் பார்த்தேன். வரிசையில் நின்றவர்கள் நான் அழுகையை மறைப்பதாக நினைத்திருப்பார்கள். தெரியறீங்கண்ணே, நல்லாத் தெரியறீங்க.