தவிமோ எந்த ஊர்ச் சொல்?

மூன்றாம் வகுப்புக்கு வந்தும் எனக்கு எழுத்துக் கூட்டி வாசிக்க வரவில்லை. எழுத்துகளெல்லாம் என் கண்ணுக்கு ஒரே முகமாகத்தான் தெரிந்தன. அடுத்த வாரம் என்னை முதலாம் வகுப்பில் உட்கார வைக்கப்போவதாக வாத்தியார் அம்மாவிடம் சொல்லிவிட்டார். முதலாம் வகுப்பில் இருந்தவன் என் தம்பி. எங்கள் லயத்து வீட்டில் அவனை அதட்டி வேலை வாங்கிக்கொண்டிருந்த நான், அவன் பெஞ்சில் போய் உட்காருவதா? அழுது தீர்த்தேன்.

அந்த நேரத்தில்தான் தெரணியகலையில் தங்கியிருந்த யாழ்ப்பாணத்து டீச்சர் ஒருவர் எங்கள் தோட்டப் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். வாசிக்க வராத பிள்ளைகளைச் சோதித்துப் பார்ப்பதுதான் அவர் வேலை. என்னைத் தனியாகக் கூப்பிட்டு, புத்தகத்தைத் தொடாமல், பையிலிருந்து மூன்று களிமண் உருவங்களை எடுத்து வைத்தார். அப்படிப்பட்ட சாமான்களை நான் எங்கேயும் பார்த்ததில்லை.

"இது பிலோக்கு. இது நெரூசி. மூண்டு கால் இருக்கிறது தவிமோ. நாளைக்கும் கேப்பன், ஞாபகம் வச்சிருப்பீங்களோ?"

"வச்சிருப்பேங்க டீச்சர்."

வீட்டுக்கு ஓடிப்போய்ச் சொன்னேன். ரப்பர் பால் வெட்டிவிட்டு வந்திருந்த அப்பா, "அது யாழ்ப்பாணத்துப் பேச்சு, நமக்கு வெளங்காது" என்றார். சிங்களத்தில் வெளுத்து வாங்கும் அம்மாவோ, "கொழும்புச் சிங்களங்க அது, தெரியாட்டி சும்மா இருங்க" என்றாள். கடைக்காரச் சிங்கள மாமா அது தமிழ்தான் என்று அடித்துச் சொன்னார். டீச்சர் தானாகவே உண்டாக்கிய சொற்கள் அவை என்று யாருக்குத் தெரியும்? பொழுது சாய்வதற்குள் எங்கள் வீட்டு முக்காலி தவிமோவாகிவிட்டது. பக்கத்து வீட்டு ஆட்டுக்குட்டி நெரூசி. தம்பியைப் பிலோக்கு என்று கூப்பிட்டேன்; அவன் அழுதான். எனக்கு ஒரே கொண்டாட்டம்.

மறுநாள் மூன்றையும் கடகடவென்று ஒப்பித்தேன். அதோடு நிறுத்தாமல், "எங்க வீட்ல அப்பா தவிமோ மேலதாங்க குந்துவாரு" என்றேன். டீச்சர் விழுந்து விழுந்து சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டே வாத்தியாரிடம் போனார்.

"நான் சொன்ன சொல்லை ஊருக்கே படிப்பிச்சிட்டாள் சேர். இவளுக்குச் சொல்லுப் பிடிபடுது, எழுத்துத்தான் பிடிபடேல்லை. கீழ் வகுப்பில விடாதேங்கோ. நான் வந்து சொல்லிக் குடுக்கிறன்."

வாத்தியார் சரியென்று தலையாட்டினார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்றைக்கே தம்பியைப் பிடித்து வைத்துப் பெருமையடித்தேன்: அந்த டீச்சர் பாவம், சுத்த அப்பாவி, பேசிச் சிரித்துக்கொண்டே இருந்ததில் எனக்குப் பரீட்சை வைக்கவே மறந்துவிட்டார்.