மறதியை மறைக்காத செசிலியா ரீச்சர்

வகுப்பு முடிந்து வெளியே வந்தபோது அன்ரன் அண்ணையின் அழைப்பு வந்தது. "பரீதா ரீச்சர், அவ காலமை போயிட்டா" என்றார். அவரின் மனைவி செசிலியா ரீச்சரின் சாவு, நிலைமை தெரிந்து எதிர்பார்த்திருந்த செய்திதான். ஆனாலும் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன்.

செசிலியா ரீச்சர் படிப்பித்தது உயிரியல், நான் இரசாயனம். ஆசிரியர் அறையில் பக்கத்துப் பக்கத்துக் கதிரைகள். ஒருநாள் உயர்தர வகுப்பில் உயிர்க்கலத்தின் படத்தை வரைந்துவிட்டு, ஓரிடத்தைத் தொட்டபடி நின்றுவிட்டாராம். கலத்துக்குச் சக்தி தரும் இழைமணியின் பெயர் அவருக்கு வரவில்லை. மாணவி ஒருத்தி சொன்ன பிறகுதான் எழுதினார். அறைக்கு வந்து என்னருகே இருந்து, "இப்பிடி மறக்கிறது இது முதல் தரமில்லை, பரீதா" என்றார்.

மறதி நோயின் தொடக்கம் என்று மருத்துவர் சொன்னதும், யாரும் கேட்கும் முன்பே வகுப்பை விட முடிவெடுத்தார். அதை மாணவர்களிடம் சொல்லப் போனபோது என்னையும் கூட்டிப்போனார்.

"மூளை சின்னன், ஆனா கனக்கச் சக்தி கேக்கும். இழைமணி சோர்ந்தா நரம்புக் கலம் பட்டினி கிடக்கும். என்ரை மறதி வருத்தத்துக்கு அது மட்டுந்தான் காரணமெண்டு ஒருத்தரும் சொல்லேலாது. அதுவும் ஒண்டா இருக்கலாம். நான் உங்களுக்குப் பிழையாப் படிப்பிக்கிறதுக்கு முந்தி வேறை ரீச்சர் வருவா."

ஒரு பிள்ளை அழுதது. "அழாதேங்கோ, இண்டைக்குப் பாடம் கிடக்கு" என்று வெண்கட்டியை எடுத்தார்.

நடந்தால் கலங்களுக்கு நல்லது என்று, அன்ரன் அண்ணை பின்னேரங்களில் மீன்பிடிக்கக் கடலுக்குப் போகாமல் வங்காலைக் கடற்கரையில் அவரை நடத்திக் கூட்டிப்போனார். "இழைமணிக்கு நடக்கிறம்" என்பாராம் ரீச்சர். பிறகு அந்தக் காரணமும் மறந்துபோனது. கணவரின் கையைப் பிடித்தபடி நடந்தார்.

கடைசியாக அவரைப் பார்க்கப் போனபோது அவருக்கு என்னைத் தெரியவில்லை.

"என்னை உங்களுக்கு முந்தித் தெரியுமோ?"

"ஓம், கனகாலம்."

"அப்ப நான் எப்பிடியான ஆள்?"

"பயமில்லாத ஆள்" என்றேன்.

"இல்லை. எனக்குச் சரியான பயம் இருந்தது" என்றார்.

இத்தனை காலம் பக்கத்தில் இருந்தும் அது எனக்குத் தெரியாது. அன்று வகுப்பின் முன் அவர் எவ்வளவு பயத்தோடு நின்றார் என்பதை அவர் வாயாலேயே கேட்டேன். அவரிடமிருந்து நான் வைத்திருப்பது 'பயம்' என்ற அந்த ஒரு வார்த்தைதான்.