ஆடாத சட்டை

இப்போது அவர் பழுது பார்ப்பது ஆளில்லா விமானம். ஆனாலும் படைமுகாமில் எல்லாருக்கும் அவர் டிவிக்காரர்தான். இருபது வருஷம் டிவி ரிப்பேர் கடை வைத்திருந்த கை. திரையில் நாலு புள்ளி பறந்தால் போதும், அந்தக் காலத்தில் வீட்டுக்காரர்கள் அவர் உயிரை எடுத்துவிடுவார்கள்.

முகாமிலும் அதே பாட்டுதான். வெட்டவெளியில் ராஜா மாதிரி பறக்கும் விமானம், ஊருக்குள் நுழைந்தால் திணறும். எதிரி சிக்னலைக் கலைப்பான், படம் உடைந்து உடைந்து வரும். "கண்ணு வலிக்குதுய்யா" என்று கேப்டன் எரிந்து விழுந்தார். போன வாரம் டிவிக்காரர் ஒரு கைவேலை செய்தார். சிக்னல் போனால் கடைசியாக வந்த நல்ல படம் திரையில் அப்படியே நிற்கும். கேப்டன் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

அன்று காலை டிவிக்காரருக்கு இருப்புக்கொள்ளவில்லை. பெண்டாட்டியின் தம்பி, எட்டுப் பேரோடு ஊர் ஓரத்துச் சுவருக்குப் பின்னால் பதுங்கியிருந்தான். கேப்டன் சொன்னால் சந்துக்குள் இறங்க வேண்டும். ஸ்பானர் தேடுகிற சாக்கில் இவர் கேப்டனின் நாற்காலியையே சுற்றிச் சுற்றி வந்தார்.

"சந்து துடைச்சு வெச்ச மாதிரி இருக்கு. போகச் சொல்லு." கேப்டன் திரையைப் பார்த்துச் சொன்னதை, போன் பிடித்திருந்த சிப்பாய் வயர் போனில் அப்படியே சொன்னார். வயர்லெஸ் எப்போதோ செத்துவிட்டது.

திரையில் ஆளில்லாத சந்து, அதன் ஓரத்தில் ஒரு மொட்டைமாடி, கொடியில் ஒரு சட்டை. காற்றில் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றது. தூக்கிய கை இறங்கவே இல்லை. டிவிக்காரர் பத்து வரை எண்ணினார்.

"சார், நிறுத்துங்க! இது இப்போ இருக்கிற சந்து இல்ல!"

"பின்ன? எங்க தாத்தா காலத்துச் சந்தா?"

"சட்டை ஆடல சார். படம் எப்போ நின்னுச்சோ, எனக்கே தெரியல. நான் பண்ண வேலைதான்."

கேப்டனின் முகம் வெளுத்தது. "நீயே சொல்லு!"

டிவிக்காரர் போனைப் பிடுங்கினார். "டேய், எங்க இருக்க?"

"ஒரு கால் உள்ள வெச்சாச்சு மாமா."

"எடு வெளிய! எங்களுக்கு ஒண்ணும் தெரியல. நீயே மெல்ல எட்டிப் பாரு."

"அப்போ இவ்வளவு நேரம் எதைப் பார்த்து சந்து காலியா இருக்குன்னு சொன்னீங்க?"

டிவிக்காரர் போனை வைத்தார். உட்கார்ந்தார், எழுந்தார், மறுபடி உட்கார்ந்தார். ஒருவழியாகப் போன் மணி அடித்தது.

"கதவுக்குக் கதவு ஆள் நிக்கிறான் மாமா. எல்லாரும் திரும்பிட்டோம். அக்காகிட்ட மூச்சு விடாதீங்க."

டிவிக்காரர் நேராகத் திரைக்குப் போய், தான் செய்த வேலையைத் தானே பிரித்துப் போட்டார். திரை முழுக்கப் புள்ளி பறந்தது.

"கண்ணு வலிக்குமேய்யா" என்றார் கேப்டன், மெதுவாக.

"வலிக்கட்டும் சார்."