சாப்பாட்டு இடைவேளையிலும் ஓடிய டேப்

ரப்பர் வாசனை. அதற்கு மேல் யாரோ ஒருவருடைய தேங்காய் எண்ணெய். என் முதல் ஹெட்போனை நினைத்தால் சத்தத்துக்கு முன்னால் இதுதான் வருகிறது...

கறுப்பு நிறம், செங்கல் கனம், துணி சுற்றிய ஒயர். சொந்தமாக வாங்கியதல்ல, சர்க்காருடையது. திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஒரு தாலுகா ஆபீசில் நான் தமிழ் டைப்பிஸ்ட். ஆட்சி மாறி, கோப்புகள் தமிழுக்கு வந்திருந்தன. தமிழ் டைப்ரைட்டரும் வந்திருந்தது. அதை அடிக்கத் தெரிந்த ஒரே காரணத்தால் நானும் வந்திருந்தேன்.

அறுவடைக் கூலிப் பேச்சுவார்த்தைக் காலம். மேஜைக்கு அந்தப் பக்கம் மிராசுதார்கள், இந்தப் பக்கம் விவசாயத் தொழிலாளர் சங்கமும் அதன் தலைவர் ராமையனும், நடுவில் தாசில்தார். கூலி எவ்வளவு நெல் என்பது பிரச்சினை. அதை யாருடைய மரக்காலால் அளப்பது என்பது அதைவிடப் பெரிய பிரச்சினை. பேசியதைப் பேசவே இல்லை என்று இரு தரப்பும் சொல்வது வழக்கமாகிவிட்டதால், அந்த வருஷம் மேலிடம் ஒரு ஸ்பூல் டேப் ரெக்கார்டரை அனுப்பியது. அதை ஆன் செய்யத் தெரிந்தவர் ஒருவர் இருந்தார். ஆஃப் செய்ய ஞாபகம் உள்ளவர் யாரும் இல்லை.

திங்கட்கிழமை பேச்சு முடிந்தது. செவ்வாய் காலை ஹெட்போனை மாட்டிக்கொண்டு நடவடிக்கைக் குறிப்பு அடிக்க உட்கார்ந்தேன்.

மண்டைக்குள் மனிதர்கள் உட்கார்ந்து பேசுவது எனக்கு அதுதான் முதல் தடவை. தாசில்தார் வெற்றிலை மெல்வது, நாற்காலி நகர்வது, ஃபேனின் ஒவ்வொரு சுற்றும்... சொக்கிப்போனேன்.

பிறகு எல்லோரும் சாப்பிடப் போனார்கள். டேப் ஓடிக்கொண்டே இருந்தது.

கொஞ்ச நேரம் ஃபேன் மட்டும். அப்புறம் ஒரு தாழ்ந்த குரல். பெரிய மிராசுதாரின் பண்ணையைப் பார்த்துக்கொள்ளும் காரியக்காரர். ஆபீசுக்குத் தினம் வருவார் என்பதால் குரல் தெரியும்.

"வியாழக்கெழம ராமையன் சந்தைக்குப் போவான்ல. திரும்புறப்ப மதகுகிட்ட வச்சு முடிச்சுடலாம். தனியா வரணும்."

"தனியாத்தான் வருவாரு. அதுக்கு நான் பொறுப்பு."

இந்த இரண்டாவது குரல் யாருடையது என்று தெரியவில்லை. டேப்பைத் திருப்பிக் கேட்டேன். அப்போதும் தெரியவில்லை.

ஹெட்போன் மாட்டியவனுக்கு முதுகுப் பக்கம் உலகமே கிடையாது. தோளில் கை விழுந்தபோதுதான் திரும்பினேன். காரியக்காரர்.

"என்ன தம்பி, ரொம்ப உத்து கேக்குறீங்க?"

பதறி எழுந்ததில் ஒயர் பிடுங்கிக்கொண்டது. ஸ்பீக்கர் தானாகப் பேச ஆரம்பித்தது. குனிந்து ஒயரைத் திரும்பச் செருகப் பார்த்தேன். ஆனால் அந்தக் கையகல ஸ்பீக்கரில் ஃபேன் இரைச்சல் மட்டும் வந்தது. அதற்கடியில் இருந்த குரல்கள் ஹெட்போனில் மட்டும்தான் கேட்டிருக்கின்றன.

"இது என்ன மிஷினா, மாவு மில்லா?"

"ஒண்ணும் வெளங்கலீங்க."

"வெளங்காட்டி வுட்டுடுங்க. தாசில்தாரு என்ன, படிச்சுப் பாத்தா கையெழுத்துப் போடுறாரு?" சிரித்தார். தோளிலிருந்து கையை எடுக்கக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டார்.

ஆக, யோசனை அவர் கொடுத்ததுதான்.

தாசில்தாரிடம் சொன்னால் மேலிடத்துக்கு எழுதுவார். பதில் வருவதற்குள் வியாழன் போய்விடும். ராமையன் வீட்டுக்கு நான் சைக்கிளில் போனால் தெருவே பார்க்கும். மிச்சம் இருந்தது டைப்ரைட்டர்.

மூன்று தாள், நடுவில் இரண்டு கார்பன். ஒரு பிரதி ஆபீசுக்கு, ஒன்று மிராசுதார்களுக்கு, ஒன்று சங்கத்துக்கு. குறிப்பில் வரிசை எண் போட்ட பதின்மூன்று இனங்களையும் அடித்து முடித்து, எல்லாவற்றையும் கழற்றினேன். சங்கத்தின் தாளை மட்டும் மறுபடி உருளையில் ஏற்றினேன்.

"14. உணவு இடைவேளையின்போது, வரும் வியாழனன்று சந்தையிலிருந்து திரும்பும் திரு. ராமையன் அவர்களை மதகருகே முடித்துவிடுவது என்று பண்ணைக் காரியக்காரரால் தெரிவிக்கப்பட்டது. அன்னார் தனியே வருவதற்கு உடனிருந்த ஒருவர் பொறுப்பேற்றார்."

வேறு மாதிரி எழுத எனக்கு வராது.

தாசில்தார் முதல் இரண்டு பிரதிகளில் பார்க்காமலே கையெழுத்திட்டார். மூன்றாவதில் நின்றார்.

"என்னய்யா, இந்தத் தாள்ல மட்டும் கீழ எடமே இல்ல?"

"நெருக்கி அடிச்சுட்டேங்கய்யா."

"கையெழுத்துக்கு எடம் வுடணும்னு எத்தன வாட்டி சொல்றது?" ஓரத்தில் போட்டார். தமிழில், முழுப் பெயரையும்.

புதன்கிழமை ஆபீஸ் டபேதார் அதை ராமையன் கையில் கொடுத்துவிட்டு வந்தார். வியாழன் முழுக்க நான் ஒரு வரிகூட அடிக்கவில்லை.

வெள்ளி காலை ராமையன் ஆபீசுக்கு வந்தார். உயிரோடு.

"காய்ச்சல்னு படுத்துட்டேன் தம்பி. அந்தப் பொறுப்பேத்துக்கிட்டது யாருன்னு நான் கேக்கணும்."

ஹெட்போனை மாட்டிவிட்டேன். கண்ணை மூடிக்கொண்டார். காரியக்காரர் பேசும் இடத்தில் முகத்தில் ஒன்றுமில்லை. அடுத்த வரியில் கை மேஜை விளிம்பைப் பிடித்தது.

"இன்னொரு வாட்டி போடுங்க."

போட்டேன். கழற்றி, ஒயரை ஒழுங்காகச் சுற்றி வைத்தார்.

"எங்க அக்கா மவன். நேத்து பூரா பக்கத்துல உக்காந்து கஞ்சி குடுத்தான். காத்தாட சந்தை வரைக்கும் போயிட்டு வாங்க மாமான்னு ரெண்டு தடவ சொன்னான்."

"டேப்பை எடுத்துக்கிட்டுப் போங்க."

"வேணாம். அக்கா உசுரோட இருக்கு."

அடுத்த மாதமே ராமையன் குடும்பத்தோடு பேராவூரணிப் பக்கம் தென்னந்தோப்பு வேலைக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். மறு வருஷப் பேச்சுவார்த்தையில் சங்கத்தின் சார்பில் அக்கா மகன் பேசினான். ஆறே இனங்கள். மிகவும் சுமுகமாக முடிந்தது. அதையும் நான்தான் அடித்தேன். எந்த மதகையும் தாண்டாமல் வீட்டுக்குப் போக வழி உண்டா என்று வெகு நாள் தேடினேன். டெல்டாவில் அப்படி ஒரு வழி கிடையாது.

இப்போது வீட்டில் பதினோரு ஹெட்போன்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் முந்தையதைவிடத் தெளிவு. நம் ஹெட்போன் ரசிகர் குழுவில் எல்லோரும் தெளிவு, தெளிவு என்றுதான் எழுதுகிறோம், நானும் எழுதுகிறேன்...

அன்றைக்கு ராமையன் கேட்க வந்தபோது, மிஷின் ரிப்பேருங்க என்று சொல்லியிருக்கலாம். அவருக்குச் சந்தேகம் மட்டும் மிஞ்சியிருக்கும். சந்தேகத்தோடு ஒரு மனிதன் தன் ஊரிலேயே இருந்துவிட முடியும்.