பொட்டை அழிக்கும் ஷாட்

கடைசி வருஷம் ஆளுக்கொரு குறும்படம் எடுத்துக் கொடுக்க வேண்டும் என்று கல்லூரியில் சொன்னார்கள். நான் எழுதிய கதை ஒரு விதவையைப் பற்றியது. புருஷன் செத்த பத்தாம் நாள், மற்றவர்கள் வந்து செய்வதற்கு முன்னால், அவளே கண்ணாடி முன் நின்று தன் குங்குமத்தை அழித்துக்கொள்கிறாள். இருபது வயதில் அது எனக்குப் பெரிய புரட்சியாகத் தெரிந்தது. நடிக்க ஒப்புக்கொண்டிருந்த நாடகக்காரம்மா ஷூட்டிங்குக்கு இரண்டு நாள் முன்னால் வரமுடியாது என்று கையை விரித்துவிட்டார். நான் அழுது ஆர்ப்பாட்டம் பண்ணி அம்மாவைப் பிடித்துக்கொண்டேன்.

அப்பா அப்போது நன்றாகத்தான் இருந்தார். எங்கள் வீடு எடமலைப்பட்டி புதூரில். அவர் தொழிற்சாலையில் வெல்டர், தினமும் கம்பெனி பஸ் பிடித்துப் போவார். அம்மா தயங்குவதைப் பார்த்து, "நான்தான் குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கேனே, போயி நடிச்சுட்டு வா" என்று சிரித்தார். உங்க வாயில நல்ல வார்த்தையே வராதா என்று அம்மா அவரைத் திட்டினாள். பிறகு என்னிடம் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள். தாலியைக் கழற்ற மாட்டாள், ரவிக்கைக்குள் விட்டுக்கொள்வாள்.

ஸ்ரீரங்கம் உத்திர வீதியில் வகுப்புத் தோழி ஒருத்தியின் வீட்டில் எடுத்தோம். இப்படியொரு காட்சியை எடுக்க எந்த வீட்டில் விடுவார்கள்? அவள் வீட்டில் பெரியவர்கள் ஊருக்குப் போயிருந்த நாளாகப் பார்த்துப் போனோம். கேமராவும் அவள்தான். ஈரத்துணியால் நெற்றியைத் துடைக்க வேண்டும், அவ்வளவுதான். ஒரே டேக்கில் முடிந்தது. நான் கட் சொன்னதும் அம்மா பையிலிருந்து டப்பாவை எடுத்துக் குங்குமம் வைத்துக்கொண்டு, யாரோடும் பேசாமல் தாயார் சன்னதிக்கு நடந்து போய்விட்டாள். நாங்கள் டீ போட்டுக் குடித்தோம்.

மறுநாள் லேப்டாப்பில் போட்டுப் பார்த்தால் ஃபோகஸ் கண்ணாடியின் சட்டத்தில் இருக்கிறது. மரச்சட்டத்தின் கீறல்கூடத் தெளிவாகத் தெரிகிறது, அம்மாவின் முகம் கலங்கலாக இருக்கிறது. இதை வைத்துக்கொண்டு யார் முன்னாலும் நிற்காதே, திரும்ப எடு என்றார் எங்கள் சார். நான் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அவள் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஒரு தடவை அழிச்சாச்சு. மறுபடியுமா?" என்றாள்.

"நடிப்புதானேம்மா" என்றேன்.

"நடிப்பு உனக்கு. நெத்தி என்னுதுடி."

அந்த இடத்தில் நான் வாயை மூடியிருக்க வேண்டும். மூடினேனா? என் மார்க் போனால் உனக்குச் சந்தோஷமா என்று கேட்டேன். இரண்டு நாள் சாப்பிடாமல் படுத்துக்கொண்டேன். அப்பா வழக்கம்போல எனக்காகப் பரிந்து பேசினார். தோழி வீட்டுப் பெரியவர்கள் இன்னும் திரும்பியிருக்கவில்லை. அம்மா கிளம்பினாள்.

இந்தத் தடவை நான் ஒரு டேக்கோடு விடவில்லை. முதலில் நிழல் விழுந்தது. இரண்டாவதில் தெருவில் வண்டி ஹாரன். மூன்றாவதில் அம்மா சீக்கிரமாகத் துடைத்துவிட்டாள் என்றேன். நான்காவது எனக்குப் பிடித்திருந்தது. ஒவ்வொரு டேக்குக்கும் நானே அவள் நெற்றியில் குங்குமம் வைத்தேன், அவள் அழித்தாள். இன்னும் எத்தனை தடவைடி என்றுகூட அவள் கேட்கவில்லை.

பத்தொன்பது நாள் கழித்து, காலை ஷிப்டுக்கு பஸ்ஸுக்காக நின்றிருந்த அப்பா அங்கேயே விழுந்தார். ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் உயிர் போய்விட்டது. மாரடைப்பு என்றார்கள்.

எனக்கு இந்தச் சகுனத்தில் எல்லாம் நம்பிக்கை கிடையாது. அம்மாவுக்கு இருக்கிறதே, அது போதாதா? படம் எடுத்த விஷயம் சித்திக்குத் தெரிந்திருந்தது. துறையூரிலிருந்து வந்த சனமெல்லாம் உட்கார்ந்திருந்த கூடத்தில் அவள் அதைப் போட்டு உடைத்தாள். "கட்டினவன் உசுரோட இருக்கறப்பவே பொட்டை அழிச்சுக்கிட்டு நின்னா வேற என்ன நடக்கும்?" அம்மா தலையைத் தூக்கவில்லை. நான்தான் கட்டாயப்படுத்தினேன் என்று அத்தனை பேர் முன்னால் சொல்லியிருக்கலாம். எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டேன்.

பத்தாம் நாள் காரியத்தில் நான்கைந்து பெண்கள் அம்மாவைச் சுற்றி உட்கார்ந்தார்கள். ஒருத்தி தாடையைப் பிடித்தாள், இன்னொருத்தி துடைத்தாள். அம்மாவின் கைக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. நான் எழுதியிருந்த கதை எவ்வளவு பெரிய பொய் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

அப்படித் தெரிந்தும் படத்தை நான் கைவிடவில்லை. கல்லூரியில் ஒரு மாதம் அவகாசம் கொடுத்தார்கள். ஒரு மத்தியானம் தோழியும் நானும் எடிட்டிங் அறையில் உட்கார்ந்து ஐந்து டேக்கையும் வரிசையாகப் போட்டுப் பார்த்தோம். திரும்ப எடுத்த நான்கிலும் முகம் பளிச்சென்று இருந்தது. நான்கிலும், துடைப்பதற்கு முன்னால் அம்மாவின் கண் ஒரு நொடி கேமராவுக்குப் பக்கத்தில் போகிறது. அங்கே நான் நின்றிருந்தேன். சரியா, துடைக்கட்டுமா என்று கேட்கிற பார்வை அது. முதல் டேக்கில் அது இல்லை. கலங்கலாகத் தெரிந்த அந்த உருவம் வலது கையால் நெற்றியைத் துடைக்கும்போது, இடது கை தானாகப் போய் ரவிக்கைக்கு மேல் தாலியைத் தொட்டுப் பார்க்கிறது. நான் சொல்லிக்கொடுக்காதது.

இதுதான் என்றாள் தோழி. எனக்கும் தெரிந்தது. கலங்கலான முதல் டேக்கையே வைத்தோம். மற்ற நான்கிலிருந்தும் ஒரு பிரேம்கூடப் படத்தில் இல்லை. அப்பா செத்து இரண்டு மாதம் ஆகவில்லை, நான் அங்கே உட்கார்ந்து எந்த நொடியில் வெட்டலாம் என்று தோழியோடு வாதாடிக்கொண்டிருந்தேன். மார்க் நன்றாக வந்தது.

அம்மா அந்தப் படத்தைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. போன வருஷம் அப்பாவுக்குத் திதி கொடுத்துவிட்டு ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ்ஸில் திரும்பும்போது, ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே திடீரென்று கேட்டாள்.

"ரெண்டாந்தடவை போயி எடுத்தியே, அது படத்துல நல்லா வந்திருக்கா?"

உண்மை நாக்கு நுனிவரை வந்தது.

"நல்லா வந்திருக்கும்மா. அதைத்தான் வச்சிருக்கேன்" என்றேன்.

அம்மா என் கையைத் தட்டிக்கொடுத்தாள்.

"அதுவாச்சும் வீணாப் போகாம இருந்துச்சே."